சீனத்தின் நீலங்கள்: ஓர் எளிய அறிமுகம்

சீனம் என்றதும் நம் நினைவில் முதலில் எழுபவை சிவப்பும் மஞ்சளும்தான். புத்தாண்டுத் தோரணம், மணப்பெண்ணின் உடை, அன்பளிப்பு உறை எல்லாம் சிவப்பு. அரண்மனைக் கூரையும் பேரரசரின் அங்கியும் மஞ்சள். இவ்விரண்டுக்கும் பொருள் சொல்வது எளிது. நீலத்துக்கு வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அது துக்கத்தின் நிறம் என்று ஒருவர் சொல்வார்; வானத்தின் நிறம், ஆகவே மிகப் புனிதமானது என்று இன்னொருவர் சொல்வார்; ஏழை உழவரின் நிறம் என்று மூன்றாமவர் சொல்வார். மூவர் சொல்வதும் உண்மையே. உழவரின் தோளிலும் பேரரசரின் வழிபாட்டு மண்டபத்துக் கூரையிலும் ஒரே காலத்தில் இருந்த இந்த நிறத்தைப் புரிந்துகொள்ள, அதன் உட்பொருள் என்ன என்று தேடுவதைவிட, ஒவ்வொரு நீலமும் எதிலிருந்து எடுக்கப்பட்டது, யார் கைக்கு எட்டியது என்று கேட்பது கூடுதல் பயன் தரும். வயலில் விளைந்த நீலம், மலையில் வெட்டிய நீலம், கடல் கடந்து வந்த நீலம், இறகில் ஒளிரும் நீலம் என்று சீனத்தில் பல நீலங்கள் இருந்தன. அவற்றின் மதிப்பும் அதற்கேற்ப வேறுபட்டது.

ஐந்து நிறங்களுக்குள் நீலத்தின் இடம்

பழஞ்சீனச் சிந்தனையின்படி உலகம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து நிலைகளாக இயங்குகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு திசையும் ஒரு நிறமும் உண்டு. நெருப்புக்குத் தெற்கும் சிவப்பும், உலோகத்துக்கு மேற்கும் வெள்ளையும், நீருக்கு வடக்கும் கருப்பும், மண்ணுக்கு நடுவிடமும் மஞ்சளும் உரியவை. எஞ்சியிருக்கும் மரத்துக்குக் கிழக்குத் திசையும், இளவேனில் பருவமும், 'ச்சிங்' என்னும் நிறமும் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்த ச்சிங் இளந்தளிரின் பச்சையில் தொடங்கி, வானின் நீலத்தைக் கடந்து, கருநீலம் வரை விரியும் அகன்ற நிறம். சில இடங்களில் கருங்கூந்தலையும் அது குறிக்கும். கிழக்குத் திசையைக் காக்கும் ச்சிங் டிராகனைச் சில ஓவியங்கள் பச்சையாகவும் சில நீலமாகவும் காட்டுவதற்குக் காரணம் இதுவே. வடமேற்குச் சீனத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், 4,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் விரிந்து கிடக்கும் உப்புநீர் ஏரியின் பெயரான 'ச்சிங்ஹாய்' என்பதில் இருப்பதும் இதே ச்சிங்தான். ஆகவே பழைய சீன நூல்களின் மொழிபெயர்ப்புகளில் 'நீலம்' என்றோ 'பச்சை' என்றோ வரும் இடங்களை ஓர் ஐயத்தோடு படிப்பது நல்லது. இன்று சீனர்கள் நீலத்துக்கு வழங்கும் 'லான்' முதலில் ஒரு நிறத்தின் பெயராக இருக்கவில்லை. நீலச்சாயம் தரும் செடியின் பெயராகவே இருந்தது. நம் கதையும் அந்தச் செடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

வயலில் விளைந்த நீலம்

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷுன்சி என்னும் சிந்தனையாளர், கல்வியின் அருமையைச் சொல்ல வந்த இடத்தில், ச்சிங் சாயம் லான் செடியிலிருந்தே கிடைக்கிறது, ஆனால் செடியைவிட ஆழ்ந்த நிறம் கொண்டிருக்கிறது என்று எழுதினார். ஆசிரியரை விஞ்சிய மாணவரைப் பாராட்டச் சீனர்கள் இன்றும் இந்த உவமையைத்தான் எடுத்தாளுகிறார்கள். சாயத் தொழிலை நேரில் பார்க்காத ஒருவருக்கு இந்த உவமை தோன்றியிருக்காது. ஏனெனில் லான் செடியைப் பார்த்தால் அதில் நீலம் இருப்பதாகவே தெரியாது. இலை வெறும் பச்சையாக இருக்கும்.

சீனத்தில் இந்தச் சாயத்துக்கு ஒரே செடியை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1637-இல் சோங் யிங்ஷிங் வெளியிட்ட 'தியான்கோங் கைவு' என்னும் தொழில்நுட்பக் களஞ்சியம், நீலச்சாயம் தரும் செடிகள் ஐந்து வகை என்று கூறுகிறது. நம் ஊர் அவுரியின் இனத்தைச் சேர்ந்த செடியும் தென்சீனத்தில் பயிரிடப்பட்டது. செடி எதுவாயினும் உள்ளே நடக்கும் வேதியியல் ஏறத்தாழ ஒன்றுதான். வெட்டிய இலையையும் தண்டையும் நீரில் ஊறவைத்தால், இலையில் இருக்கும் நிறமற்ற பொருள் சிதைந்து நீரில் கரைகிறது. அந்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்து ஓங்கி அடித்துக் கலக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்து, நீலம் உருவாகி, சேறுபோல அடியில் படிகிறது. நூறு பங்கு ஊறல் நீருக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு என்று சோங் யிங்ஷிங் அளவும் தருகிறார். மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டு அந்தச் சேற்றைக் கூடையிலும் பானையிலும் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுசெல்வார்கள்.

துணிக்குச் சாயம் ஏற்றுவது இதற்கடுத்த வேலை. அதுதான் இன்னும் வியப்பானது. படிந்த நீலம் நீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் புகாது. ஆகவே சாயக்காரர் அதைச் சாம்பல்நீரோ சுண்ணாம்போ கலந்த தொட்டியில் இட்டு, மதுவின் மண்டி போன்றவற்றைச் சேர்த்துப் புளிக்க விடுகிறார். புளிக்கும் தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்துபோக, நீலம் தன் நிறத்தை இழந்து, கரையக்கூடிய மஞ்சள்பச்சைப் பொருளாக மாறுகிறது. அதில் தோய்த்து எடுத்த துணியும் முதலில் மஞ்சள்பச்சையாகவே வெளியே வரும். காற்றுப் பட்டவுடன் நிறம் மாறத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகி, நீலமாகி நிற்கும். ஒருமுறை தோய்த்தால் வெளிர்நீலம். மீண்டும் மீண்டும் தோய்த்துக் காற்றாட விட்டால், இரவு வானத்தைப் போன்ற கருநீலம் வரை ஏற்றிவிடலாம். ஆழ்ந்த நீலத்துக்கு வேண்டியது அரிய சரக்கு அன்று. கூடுதல் உழைப்பும் பொறுமையும்தான். எளிய மக்களின் நிறமாக நீலம் ஆனதன் காரணம் இதில் இருக்கிறது. செடி எங்கும் விளைந்தது, சாயம் மலிவாகக் கிடைத்தது, பருத்தியில் உறுதியாகப் பிடித்தது, அழுக்கையும் மறைத்தது.

யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய நான்தோங் வட்டாரத்தின் நீல அச்சுத் துணி இந்த எளிமைக்கு நல்ல சான்று. தாள்களை அடுக்கி ஒட்டி, அதில் கத்தியால் உருவங்களை வெட்டி, துங் மரக்கொட்டையின் எண்ணெய் பூசி உறுதியாக்கிய அச்சுத்தகட்டைத் துணியின்மேல் வைக்கிறார்கள். சோயா மாவையும் சுண்ணாம்பையும் குழைத்த பசையை அந்தத் துளைகள் வழியே தேய்க்கிறார்கள். பசை காய்ந்தபின் துணியைச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, பசையைக் கத்தியால் சுரண்டி எடுத்தால், பசை இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பூவாக நிற்கும். இத்துணியில் உள்ள பூக்களையும் பறவைகளையும் உற்றுப் பார்த்தால், எந்தக் கோடும் நீளமாக ஓடாமல், புள்ளிகளாகவும் சிறு துண்டுகளாகவும் முறிந்திருப்பது தெரியும். கோட்டை நீளமாக வெட்டினால் தாள் கிழிந்துவிடும். அதனால் வந்த முறிவு அது. கருவியின் குறையே இங்கு கலையின் நடையாகிவிட்டது.

தென்மேற்கு மலைப்பகுதிகளின் சிறுபான்மை இனத்தவரிடம் இந்தத் தொழில் வேறு வடிவங்களை எடுத்தது. குய்ஜோவின் மியாவ் பெண்கள் செப்புக் கத்தியால் உருக்கிய மெழுகைத் தொட்டுத் துணியில் வரைந்தபின் சாயம் ஏற்றுகிறார்கள். யுன்னானில், தாலி நகரை அடுத்த ஜோவ்செங் ஊரின் பாய் இனத்தவர் துணியை நூலால் இறுகக் கட்டித் தோய்க்கிறார்கள். தோங் இனத்தவரோ பலமுறை சாயமேற்றிய துணிக்கு முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசி, மரச் சுத்தியால் அடித்து, உலோகம்போலப் பளபளக்கச் செய்கிறார்கள்.

உடையின் நிறம் சீனத்தில் சட்டத்தின் பொருளாகவும் இருந்தது. தாங் அரசமரபின் விதிப்படி உயர் அதிகாரிகளுக்கு ஊதாவும் அடுத்தவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் உரியவை. ச்சிங் அங்கி கடைசிப் படிகளான எட்டாம், ஒன்பதாம் நிலைகளுக்கு உரியது. தலைநகரிலிருந்து நீக்கப்பட்டு ஜியாங்ஜோவுக்கு அனுப்பப்பட்ட கவிஞர் பாய் ஜுயி, 816-இல் ஆற்றங்கரையில் கேட்ட இசையால் உருகி, கூட்டத்தில் எவரைவிடவும் தம் ச்சிங் அங்கியே கண்ணீரில் மிகுதியாக நனைந்தது என்று பாடி முடிக்கிறார். அங்கியின் நிறத்தைச் சொன்னதும், தாம் எவ்வளவு கீழே இறக்கப்பட்டோம் என்பதைத் தனியே சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போனது. பின்னாளில் சீனத்தின் கடைசி அரசமரபினரான மஞ்சு அரசர்கள் இந்த வரிசையைக் கலைத்து, அதிகாரிகளின் மேலங்கிக்கே கருநீலத்தைக் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நிறத்தின் மதிப்பு ஒருமுறை நிலைத்தால் என்றும் மாறாது என்று எண்ணிவிடக் கூடாது.

20-ஆம் நூற்றாண்டில் செடி தோற்றது. ஜெர்மனியில் 1897-இல் விற்பனைக்கு வந்த செயற்கை நீலமும், அதைத் தொடர்ந்து வந்த 'இண்டன்த்ரீன்' சாயமும் சீனச் சந்தையை நிறைத்தன. வெயிலுக்கும் சலவைக்கும் வெளுக்காத இண்டன்த்ரீன் துணி, 1920-களிலிருந்து நகரத்து மாணவியரின் உடையாகவே ஆகிவிட்டது. 1949-க்குப் பிறகு ஆணும் பெண்ணும் அணிந்த தொழிலாளர் உடையிலும் நீலமே மேலோங்கி நின்றது. லான் செடி இன்று பெரும்பாலான சீன வீடுகளுக்குத் தெரிவது சாயமாக அன்று, மருந்தாகத்தான். லான் செடிகளுள் ஒரு வகையின் வேரிலிருந்து செய்யும் 'பான்லான்கென்' தூளைச் சளி, தொண்டைவலி என்றதும் வெந்நீரில் கரைத்துக் குடிப்பது அங்கே எங்கும் உள்ள வழக்கம்.

மலையில் வெட்டிய நீலம்

ஓவியருக்குச் செடியின் நீலம் மட்டும் போதாது. அதற்கு ஒளி குறைவு. சீன ஓவியர்கள் நாடியது அசுரைட் என்னும் செம்புத் தாது. அதை இடித்து, நீரில் கலந்து தெளிய விட்டால், பருமனான துகள் முதலில் அடியில் படியும், நுண்துகள் கடைசிவரை மிதக்கும். பருமனான துகள் ஆழ்ந்த நீலம், நுண்துகள் வெளிர்நீலம். ஆக ஒரே கல்லிலிருந்து மூன்று நான்கு தர நீலங்களைப் பிரித்து, தோல்பசையோடு குழைத்துத் தீட்டுவார்கள். இதனோடு மாலகைட் என்னும் பச்சைத் தாதுவையும் சேர்த்து வரையும் மலைக்காட்சிகள் 'நீலப்பச்சை நிலக்காட்சி' என்னும் தனி மரபாக வளர்ந்தன.

அம்மரபின் உச்சமாக மதிக்கப்படுவது, வாங் ஷிமெங் என்னும் இளைஞர் தம் பதினெட்டாம் வயதில், 1113-இல், சோங் பேரரசர் ஹுய்சோங்கின் அரசவையில் தீட்டிய 'ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்' (லி என்பது சீனரின் பழைய தூர அளவு). ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள அந்தப் பட்டுச் சுருள் இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலைகளின் அடிவாரம் காவி நிறத்தில் தொடங்கி, பச்சையாகி, உச்சியில் அடர்ந்த நீலமாக ஒளிர்கிறது. கல்லைப் பொடித்துப் பூசியதால்தான் 900 ஆண்டுகள் கழித்தும் அந்த நீலம் மங்கவில்லை. அதே காரணத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. சுருளை விரிக்கும்போதும் சுற்றும்போதும் கல்துகள் உதிரக்கூடும் என்பதால் அதை அடிக்கடி காட்சிக்கு வைப்பதில்லை.

வடமேற்குச் சீனத்துத் துன்ஹுவாங்கின் மொகாவ் பௌத்தக் குகை ஓவியங்களில் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து பாலைவழி வணிகர்கள் கொண்டுவந்த லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லும் இருக்கிறது. இவை தவிர, பேரியம், செம்பு, மணற்சத்து ஆகியவற்றைச் சூளையில் சேர்த்துச் செயற்கையாகவே நீலமும் ஊதாவும் செய்யும் நுட்பம் பழஞ்சீனத்தில் இருந்தது. முதல் பேரரசரின் கல்லறைக்காகச் செய்த சுடுமண் வீரர் சிலைகள்மேல் அந்த ஊதா பூசப்பட்டிருந்தது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஹான் அரசமரபு முடிந்தபின் அந்த நுட்பம் மறைந்துபோனது.

கடல் கடந்து வந்த நீலம்

சீன நீலம் என்று உலகம் அறிந்திருப்பது நீல-வெள்ளைப் பீங்கானைத்தான். ஆனால் அதன் நீலம் தொடக்கத்தில் சீனத்தது அன்று என்பதும், சீன அறிஞர்கள் அதை உடனே விரும்பிவிடவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

வெள்ளைப் பாண்டத்தில் கோபால்ட் நீலம் தீட்டும் முயற்சி தாங் காலத்திலேயே ஹெனானின் கோங்ஷியான் சூளைகளில் நடந்தது. 9-ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கி, 1998-இல் கண்டெடுக்கப்பட்ட அரபு வகைக் கப்பலின் பல்லாயிரம் பாண்டங்களுக்கு நடுவே அத்தகைய மூன்று தட்டுகள் இருந்தன. அந்தக் கப்பலின் சரக்கில் ஒரு பகுதியைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இப்போது பார்க்கலாம். ஆனால் அந்த முயற்சி அப்படியே நின்றுவிட்டது. உண்மையான எழுச்சி 14-ஆம் நூற்றாண்டில், மங்கோலியரின் யுவான் ஆட்சியில், ஜியாங்ஷி மாநிலத்தின் ஜிங்தெஜென் நகரில் நிகழ்ந்தது. மங்கோலியர் நீல வானத்தை வழிபட்டவர்கள்; அவர்களின் உறவினர் பாரசீகத்தை ஆண்டார்கள். பாரசீகத்தில் கோபால்ட் தாது இருந்தது, நீலத்தில் மோகமும் இருந்தது. ஜிங்தெஜென்னில் வெண்களிமண் இருந்தது, ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தை எட்டும் சூளையும் இருந்தது. இந்த இரண்டு முனைகளும் வணிகத்தால் இணைந்தபோது பிறந்ததுதான் நீல-வெள்ளைப் பீங்கான். ஒரு தாவோயியக் கோயிலுக்குக் காணிக்கையாக 1351-இல் செய்யப்பட்ட, 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான இரண்டு ஜாடிகள் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதால் இக்காலப் பாண்டங்களின் வயதைக் கணிக்க அவையே அளவுகோல்.

வேலைமுறை இதுதான். சுடாத, உலர்ந்த பாண்டத்தின்மேல் கோபால்ட் தூளை நீரில் கலந்து தூரிகையால் வரைவார்கள். அப்போது அது சாம்பல் கலந்த கருப்பாகத்தான் இருக்கும். உலர்ந்த மண் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் இழுத்த கோட்டை அழிக்க வழியில்லை. பின்பு கண்ணாடிபோல உருகும் மெருகுக் குழம்பைப் பூசிச் சூளையில் வைத்துச் சுட்டால், மெருகுக்கு அடியில் நீலம் வெளிப்படும். அதனால் அது தேயவும் தேயாது, கழுவினால் போகவும் போகாது. ஒரு பாண்டம் முழுமை பெறுமுன் 72 கைகளைக் கடக்கிறது என்று முன்னே குறிப்பிட்ட சோங் யிங்ஷிங் எழுதுகிறார். வெளிக்கோடு வரைபவர் வேறு, உள்ளே நிறம் நிரப்புபவர் வேறு. கையொப்பமிடும் தனிக் கலைஞரை இங்கே தேடிப் பயனில்லை.

அருங்காட்சியகத்தில் இந்தப் பீங்கான்களைப் பார்க்க நேரும் வாசகர் நீலத்தின் உள்ளே இருக்கும் கரும்புள்ளிகளைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு மிகுதி, மாங்கனீசு குறைவு. தூரிகையில் சாயம் தடித்து நின்ற இடங்களில் அந்த இரும்பு கருத்து, மெருகில் சற்றே குழிந்து காணப்படும். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மிங் பேரரசர்களான யோங்லே, ஷுவான்தே காலத்துப் பாண்டங்களின் அடையாளமே இதுதான். பின்னர் உள்நாட்டில் வெட்டிய கோபால்ட் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் மாங்கனீசு மிகுதியாக இருந்ததால், நன்றாகச் சுத்திகரிக்காவிட்டால் நீலம் சாம்பல் பூத்தது. புள்ளியில்லாத சீரான நீலம் கைவந்தபின் நடந்ததுதான் வேடிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் பழைய மிங் பாண்டங்களைப் படியெடுத்த குயவர்கள், அந்தக் கரும்புள்ளிகளையும் தூரிகை நுனியால் மெனக்கெட்டுத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். முன்னோரின் சூளையில் தானாக நேர்ந்த குறை, பின்வந்தவர்களுக்கு மெய்ம்மையின் முத்திரையாகிவிட்டது. பழைய புள்ளி மெருகுக்குள் ஆழ்ந்திருக்கும், பின்னாளில் வைத்த புள்ளி ஒழுங்காகப் பரவியிருக்கும் என்பது தேர்ந்தவர்கள் பிரித்தறியும் வழிகளில் ஒன்று.

1388-இல் சாவ் ஜாவ் என்பவர் பழம்பொருள் ரசனை பற்றி எழுதிய கையேட்டில், நீலத்தாலும் பல நிறங்களாலும் பூ வரைந்த பாண்டங்களை மிகக் கொச்சையானவை என்று ஒதுக்குகிறார். ஒற்றை நிறப் பாண்டங்களின் அமைதியில் பழகிய கண்ணுக்கு இந்தப் பூவேலைப்பாடு சந்தைச் சரக்காகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அரசவையே அதை ஏற்றுக்கொண்டது. வெளியுலகமோ அதற்கும் முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னாளிலும், பாரசீக அரசர் ஷா அப்பாஸ் 1611-இல் அர்தபில் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களைக் காணிக்கையாக்கினார். அவற்றில் பெரும்பாலானவை நீல-வெள்ளைப் பாண்டங்கள். இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்திலும் அகழ்வாய்வில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்துள்ளன. சீனக் கப்பல் வணிகத்தில் அந்த ஊரும் ஒரு நிறுத்தம்.

சாயமே இல்லாத நீலம்

சாவ் ஜாவ் போன்றவர்கள் போற்றியவற்றில் ஒன்று வடசோங் காலத்து ரூ பாண்டம். மழைக்குப் பின் தெளியும் வானத்தின் நிறம் என்று அதன் வெளிர்நீலத்தைச் சொல்வது வழக்கம். இன்று உலகில் நூற்றுக்கும் குறைவான ரூ பாண்டங்களே எஞ்சியிருக்கின்றன. ஒரு சிறு கிண்ணம் 2017-இல் ஹாங்காங் ஏலத்தில் 29 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனது. இந்த நீலத்தில் கோபால்ட் இல்லை. மெருகில் சிறிதளவு இரும்பு இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சூளைத் தீயில் அது நீலப்பச்சைச் சாயலைத் தருகிறது. ரூ பாண்டத்தைப் போலவே ஹெனான் மாநிலத்தில் செய்த ஜுன் பாண்டங்களில் இன்னொன்றும் சேர்கிறது. உருகிய மெருகு ஆறும்போது அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்போன்ற கண்ணாடித் துளிகள் பிரிந்து நிற்கின்றன. அவை ஒளியின் நீலப்பகுதியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதற்கும் ஏறத்தாழ இதுவே காரணம்.

மீன்கொத்தியின் இறகும் இந்த வகைதான். இறகில் நீல நிறமி கிடையாது. அதன் நுண்ணமைப்பே நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே அது சாயம்போல எளிதில் வெளுப்பதில்லை. பொன்முலாம் பூசிய தகட்டில் மெல்லிய கம்பிகளால் தடுப்பு அமைத்து, அதற்குள் மீன்கொத்தி இறகை நறுக்கி ஒட்டும் 'தியான்சுய்' கலைக்கு அரசியரின் மணிமுடிகளே சான்று. மிங் பேரரசர் வான்லியின் கல்லறையில் 1950-களின் இறுதியில் கண்டெடுத்த, ஆயிரக்கணக்கான முத்துகள் பதித்த முடிகளிலும் இந்த நீலம் மின்னுகிறது. தேவை பெருகியதால் இறகுகள் தென்கிழக்காசியாவிலிருந்தும் வந்தன. 1296-இல் கம்போடியாவுக்குத் தூதுக்குழுவோடு சென்ற ஜோவ் தாகுவான், பெண் பறவையைக் கூண்டில் வைத்து ஆண் மீன்கொத்தியை வலையில் பிடிக்கும் முறையை விவரித்திருக்கிறார். ஒரு முடிக்கு எத்தனை பறவைகள் மடிந்திருக்கும் என்று எண்ணும்போது அந்த அழகு சற்றே கசக்கிறது. இப்போது நாடகத் தலையணிகளுக்கு பெரும்பாலும் சாயமேற்றிய வாத்து இறகையும் பட்டுநாடாவையும் பயன்படுத்துகிறார்கள்.

சிச்சுவான் மாநிலத்தின் ஜியுஜாய்கோவ் பள்ளத்தாக்கில், இதே ஒளியின் விளையாட்டை இயற்கையே பேரளவில் காட்டுகிறது. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துவரும் நீர், அந்தச் சுண்ணத்தை வழியெல்லாம் படியவிட்டுத் தானே அணைகளைக் கட்டி ஏரிகளாகத் தேங்குகிறது. ஏரிக்குள் விழுந்து கிடக்கும் மரங்களின்மேலும் அது வெண்மையாகப் படிந்திருப்பதைத் தெளிந்த நீரினூடே பார்க்கலாம். நீர் செந்நிற ஒளியை விழுங்குகிறது. மிதக்கும் நுண்துகள்கள் நீலத்தைச் சிதறடிக்கின்றன. பாசி தன் பச்சையைச் சேர்க்கிறது. 1992-இல் உலக மரபுச் சின்னமான இவ்விடத்தை 2017 ஆகஸ்ட் 8-இல் நிலநடுக்கம் தாக்கியபோது, ஓர் ஏரியின் சுண்ண அணை உடைந்து நீர் வடிந்துவிட்டது. பின்னர் அதைச் சீரமைத்தார்கள்.

பேரரசருக்கு மட்டும் உரிய வானம்

இவ்வளவு மலிவான நிறம் கூரையேறியதற்குக் காரணம் வானம். சீனப் பேரரசர் தம்மை வானத்தின் மைந்தர் என்று அழைத்துக்கொண்டார். வானத்துக்குப் பலியிடும் உரிமை அவருக்கு மட்டுமே இருந்தது. அந்த வழிபாடு பெய்ஜிங்கின் வானக் கோயிலில், குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகிய நாளில் நடந்தது. நல்விளைச்சல் வேண்டி வழிபடும் வட்ட மண்டபத்தின் மூன்றடுக்குக் கூரை 1545-இல் எழுந்தபோது மேலே நீலம், நடுவே மஞ்சள், கீழே பச்சை என்று மூன்று நிறங்களில் இருந்தது. 1751-இல் பேரரசர் சியான்லோங் மூன்றையும் நீல ஓடுகளாக மாற்றினார். இன்று நாம் பார்ப்பது, 1889-இல் மின்னல் தாக்கி எரிந்தபின் அதே நீலத்தில் மீண்டும் எழுப்பியது. மஞ்சு அரசமரபின் விதிப்படி வானத்தை வழிபடும்போது பேரரசர் தம் மஞ்சளைக் களைந்து நீல அங்கி அணிய வேண்டும். நிலத்துக்கு மஞ்சள், கதிரவனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிர்நீலம். படையல் பாத்திரங்களும் அதே நிறங்களில் இருந்தன. மக்களோ வானத்தைத் தங்கள் போக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஏழைக்கு நீதி வழங்கிய சோங் கால அதிகாரி பாவ் ஜெங்கை 'ச்சிங் வானம்' என்று கதைகளிலும் நாடகங்களிலும் இன்றும் கொண்டாடுகிறார்கள். பெய்ஜிங் இசைநாடகத்தில் முகத்தில் நீலம் தீட்டி வருபவர் முரட்டுத் துணிவு கொண்டவர் என்பது வேறு மரபு.

துக்கமும் சமையலறையும்

தொடக்கத்தில் சொன்ன துக்கச் செய்திக்கு இப்போது வரலாம். சீனத்தில் துக்கத்தின் முதன்மை நிறம் வெள்ளை. நீலம் அதற்குத் துணையாகவே வருகிறது. தென்சீனத்திலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் குடியேறியவர்களின் சாவுச் சடங்கில் பேரப்பிள்ளைகள் நீலம் அணிவது வழக்கம். பெரனாக்கன் எனப்படும் மலாய்ச் சீனக் குடும்பங்களில் துக்ககாலம் கருப்பில் தொடங்கி, நீலமும் வெள்ளையுமாகத் தணிந்து, பச்சையில் முடியும். அவர்களின் திருமண விருந்துக்கு இளஞ்சிவப்பும் மஞ்சளும் பூத்த பீங்கான். அன்றாடச் சமையலுக்கும் துக்கத்துக்கும் முன்னோர் படையலுக்கும் நீல-வெள்ளைப் பீங்கான். அந்நாடுகளில் வாழும் தமிழர் சீன நண்பர்களின் மகிழ்ச்சி நிகழ்ச்சிக்குப் பணம் வைக்கும்போது சிவப்பு அங் பாவ் உறையைக் கொடுப்பதும், இறப்பு வீட்டுக்கு வெள்ளை உறையைக் கொடுப்பதும் இந்த ஒழுங்கின் பகுதியே. ஆனால் இதைக் கொண்டு நீலத்தையே தீயது என்று சீனர்கள் விலக்குவதாக முடிவு செய்துவிடக் கூடாது. ஐந்தாம் சந்திர மாதத்துப் படகுத் திருவிழாவுக்குப் பெரனாக்கன் வீடுகளில் இலையில் பொதிந்து வேகவைக்கும் ஒட்டரிசிக் கொழுக்கட்டையில், அரிசியின் ஒரு பகுதியைச் சங்குப்பூச் சாற்றில் ஊறவைத்து வேண்டுமென்றே நீலமாக்குகிறார்கள். நீலத் திட்டு இல்லாத கொழுக்கட்டையை அவர்கள் தங்கள் வீட்டுப் பண்டமாக ஒப்புக்கொள்வதும் அரிது.